மெட்ரிகுலேஷன் இடம் கிடைத்தால் போகத்தான் வேண்டுமா?

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்துவிட்டால் கடைவீதியில் நம்மவர்கள் சந்திக்கும்போது இதே கேள்விதான். "பிள்ளைக்கு மெட்ரிகுலேஷன் கிடைத்ததா பாய்?" கிடைத்தது என்றால் அல்ஹம்துலில்லாஹ் என்கிறோம். கிடைக்கவில்லை என்றால் துக்கம் விசாரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்கிறோம். அந்தப் படிப்பு அந்தப் பிள்ளைக்கு ஏற்றதுதானா என்று கேட்பவர் அபூர்வம். நாமும் கேட்டதில்லை. கேளாததற்கு விலை கொடுத்தோம். ஆகையால் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். நாம் மதரஸாவும் ஆரம்பப் பாடசாலையும் முடித்துக் கடைக்கு வந்தவர்கள்; பிழையிருப்பின் கற்றவர்கள் திருத்துவார்களாக.

எஸ்.பி.எம். முடித்த பிள்ளை நேரே பட்டப் படிப்பில் சேர முடியாது. நடுவில் ஒரு படிப்பு வேண்டும். நமது டெங்கிலிலேயே மாரா தொழில்நுட்பச் சர்வகலாசாலையின் அடிப்படைப் படிப்பு மையம் இருக்கிறது. அது பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. தாய் தந்தையரில் ஒருவர் மலாய்க்காரராயிருந்தால் தீபகற்பத்தில் பிள்ளையும் அந்தக் கணக்கில் சேரும், இல்லாவிட்டால் இல்லை. "நாமும் முஸ்லிம்தானே, சேர்த்துக்கொள்வார்கள்" என்று யூகித்து உட்கார்ந்திருப்பதில் பிரயோஜனமில்லை. பிறப்புப் பத்திரத்தில் வம்சம் என்னவென்று எழுதியிருக்கிறது என்பதை மூன்றாம் படிவத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கல்வி அமைச்சின் மெட்ரிகுலேஷனில் நமக்கும் இடம் உண்டு. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு பூமிபுத்ராக்களுக்கு, மீதிப் பத்து மற்றவர்களுக்கு. 2019 இல் மொத்த இடங்களை 25,000 இலிருந்து 40,000 ஆக உயர்த்தியபோதும் இந்தப் பங்கீட்டை மாற்றவில்லை. பத்து ஏ-யும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் தருவதாக 2024 இல் அரசாங்கம் அறிவித்தது. இவ்வளவு நெருக்கடி இருப்பதால்தான் கடிதம் வந்தவுடன் நமக்குத் தலைகால் புரிவதில்லை. கிடைப்பதற்கு அரிய பொருள் என்பதனாலேயே அது நம் வீட்டுக்குத் தேவையான பொருள் ஆகிவிடுமா? சரக்கு வாங்கும்போது நாம் அப்படி நினைப்பதில்லை.

நம் மூத்த மகனுக்குக் கடிதம் வந்த அன்று கடையில் இனிப்பு வழங்கினோம். மருந்தாளராக வேண்டும் என்பது அவன் ஆசை. மெட்ரிகுலேஷன் பெரும்பாலும் ஓராண்டு, பருவம் இரண்டே. பாடமோ மலைபோல. அவன் மெதுவாகப் பிடித்துக்கொண்டு பிறகு விடாமல் நிற்கிற பிள்ளை. முதற் பருவம் முழுவதும் திணறினான். இரண்டாம் பருவத்தில் நன்றாகவே எழுதினான். ஆனால் சராசரியில் முதற் பருவமும் சேருகிறதே! மருந்தியல் போன்ற படிப்புகளுக்கு 4.00 என்ற முழுப் புள்ளி எடுத்தவர்களே வரிசையில் நிற்கிறார்கள். அவனுக்குக் கிடைத்தது வேறொரு படிப்பு, தூரத்து மாநிலத்தில். "எனக்கு மெதுவாகத்தான் ஏறும் என்று உங்களுக்குத் தெரியுமே வாப்பா" என்று பிறகு ஒருநாள் சொன்னான். நமக்குப் பதில் இல்லை. கல்லூரியின் பேரில் குறை சொல்ல மாட்டோம். குறை நம்முடையது.

ஆறாம் படிவம் என்றால் நம்மவர்களுக்கு ஓர் இளக்காரம். அது ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். ஒரு பருவத்தில் சறுக்கினால் அந்தத் தாளை மறுபடி எழுத வழியுண்டு. எஸ்.டி.பி.எம். பத்திரத்தை வெளிநாட்டுச் சர்வகலாசாலைகளும் ஏற்கின்றன. மெட்ரிகுலேஷனோ பெரும்பாலும் உள்நாட்டுக்கென்றே ஏற்பட்டது. தமிழும் அரபும் அங்கே பாடமாக எடுக்கலாம். பிள்ளை வீட்டிலிருந்தே போய் வரலாம் என்பதை உம்மாமார்கள் கவனிப்பார்கள்! இது தவிர சர்வதேச இஸ்லாமியச் சர்வகலாசாலையின் அடிப்படைப் படிப்பு பகாங் கம்பாங்கில் நடக்கிறது. அதையும் விசாரியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உறவினர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்தார். அமெரிக்காவில் கோடை விடுமுறைப் படிப்பாம்; மகன் "தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறான்" என்று எழுதியிருந்தது. கட்டணத்தைப் பார்த்தால் ஒரு சிறு கடைக்கு முதல் போட்டுவிடலாம். அந்த நாட்டில் 1984 இல் தொடங்கிய ரிசர்ச் சயன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற கோடைப் படிப்பு, தேர்வான மாணவரிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. பெரிய தொகை கேட்கிறவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை பேர் விண்ணப்பித்து எத்தனை பேரைத் தள்ளினீர்கள்? இதில் படித்தால் பிறகு பட்டப் படிப்பில் இடம் நிச்சயமா? உறவினர் கேட்டார். இரண்டாவதற்கு "இல்லை" என்று பதில் வந்தது. முதலாவதற்குப் பதிலே வரவில்லை.

இப்போது நம் மகளுக்கும் மெட்ரிகுலேஷன் கடிதம் வந்திருக்கிறது. கணக்கியல் பிரிவு, பந்திங்கில் உள்ள சிலாங்கூர்க் கல்லூரி. இம்முறை இனிப்பு வாங்கவில்லை. சென்ற ஆண்டு அங்கே படித்த ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைத்து, பாட நோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னோம். மகள் இரண்டு இரவு அவற்றைப் புரட்டினாள். கணக்குப் பாடம் அவளுக்குச் சட்டென்று ஏறும். கடைப் பேரேட்டில் நம் கூட்டல் பிழையைக் கண்டுபிடிப்பவள் அவள்தான். "இது எனக்கு முடியும் வாப்பா. ஆனால் விரும்பிய இடத்தில் பட்டப் படிப்பு கிடைக்காவிட்டால் என்ன செய்வோம் என்று இப்போதே பேசிவிடுவோம்" என்றாள். கடையை அடைத்த பிறகு, அவள் உம்மாவும் அண்ணனும் கூட இருக்க, அதைப் பேசினோம். அதன் பிறகே சம்மதம் தெரிவித்தாள்.