பழைய ரேஸ் சைக்கிள் சக்கரம் எந்த ஊர்?

பாளையங்கோட்டையிலோ பேட்டையிலோ பழைய இரும்புக் கடையில் ரேஸ் சைக்கிள் சக்கரம் கிடைத்தால், உப்புத்தாளால் தேய்க்கவே வேண்டாம். துருவோடு முத்திரையும் போய்விடும்! மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஹப்பை மெல்லத் துடைத்தால் எழுத்துகள் தெளியும்.

காம்பக்னோலோ என்றிருந்தால் இத்தாலி. ஸ்டர்மி ஆர்ச்சர் என்றால் பெரும்பாலும் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம். அதன் பழைய கியர் ஹப்கள் பலவற்றில் தயாரித்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் பதிந்திருக்கும்.

அடுத்து ஸ்போக்ஸ் கம்பிகளை எண்ண வேண்டும். முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 என்பது பழைய பிரிட்டிஷ் வழக்கம். நம் ஊர் சாதா சைக்கிள்களும் அதே கணக்குதான். 1949-ல் தொடங்கிய சென்னை டி.ஐ. சைக்கிள்ஸ் பிரிட்டிஷ் கூட்டோடு பிறந்ததுதானே. இரண்டு சக்கரங்களிலும் 36 என்றால் பிரான்ஸ், இத்தாலி, ஜப்பான் எதுவாகவும் இருக்கலாம்.

ரிம்மின் முத்திரையைத் தனியாகப் பார்ப்பது அவசியம். ரிம் வளைந்தபோது, பழைய ஹப்பிலேயே வேறு ரிம்மைக் கோத்திருப்பார்கள்.