அயலாரோடு பழகப் போகும் இளைய குருமாருக்கு

தென்னிந்தியத் திருச்சபையிலிருந்து அமெரிக்காவின் எபிஸ்கோப்பல் சபைகளுக்கு ஊழியத்துக்கு வரும் இளைய குருமார் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “ஐயா, பக்கத்திலிருக்கிற பள்ளிவாசலோடும் யூதர்களோடும் சேர்ந்து ஏதாவது செய்யச் சொல்கிறார்கள் சபையார். எங்கே தொடங்குவது?” இரண்டு திருச்சபைகளுமே ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தவை என்பதால் ஆராதனை முறை உங்களுக்குப் பழகியதுதான். சுற்றிலும் வாழும் மக்கள்தான் புதியவர்கள். ஓய்வு பெற்ற ஒரு குருவானவனாக, எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன்.

1. நிகழ்ச்சிக்குத் தேதி குறிக்கும் முன் ஆளைத் தேடிப் போங்கள்.

வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் 2014 நவம்பர் 14 அன்று முதன்முறையாக வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நடந்தது. உலகமெங்கும் அது செய்தியானது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் நடந்ததை யாரும் பெரிதாக எழுதவில்லை. நெல்சன் மண்டேலா மறைந்தபோது, அதே பேராலயத்தில் நினைவு ஆராதனை நடத்துவதற்காக இருவர் சேர்ந்து வேலை செய்தார்கள். ஒருவர் பேராலயத்தின் வழிபாட்டுப் பொறுப்பிலிருந்த ஜீனா கேம்பல் அம்மையார். மற்றவர் தென்னாப்பிரிக்கத் தூதர் இப்ராஹிம் ரசூல். முஸ்லிம், நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடியவர். ஒரு மரணத்தை முன்னிட்டு ஒன்றாக வேலை செய்ததில் பிறந்த நட்புதான் அடுத்த ஆண்டு தொழுகைக்கு வழி திறந்தது. அன்று பிரசங்கம் செய்தவரும் ரசூல்தான்.

தொழுகைக்கு இடம் தேர்ந்த விதத்தையும் கவனியுங்கள். பேராலயத்தின் வடபுறச் சிறகில் வளைவுகள் உண்டு, உருவங்கள் குறைவு. அங்கே மக்காவை நோக்கிக் கம்பளங்களைச் சாய்வாக விரித்தால் எதிரே சிலுவை தெரியாது. எதையும் கழற்றவோ மூடவோ தேவைப்படாத இடம். வந்தவர்களுக்கு என்ன வேண்டும் என்று முன்பே பேசித் தெரிந்துகொண்டவர்களுக்குத்தான் இப்படி ஒரு மூலை கண்ணில் படும்.

2. ஊரில் பழகிய பழக்கம் உதவும், ஆனால் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

பெருநாளுக்குப் பிரியாணியும் தீபாவளிக்குப் பலகாரமும் வீடு தேடி வந்த தெருக்களில் வளர்ந்தவர்கள் நாம். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் எல்லாரும் போவதைப் பார்த்தவர்கள். இங்குள்ள வெள்ளைக்காரக் குருமாருக்குக் கிடைக்காத பாக்கியம் அது. ஆனால் யூதர்களை நம்மில் பெரும்பாலோர் வேதாகமத்தில் மட்டுமே சந்தித்திருக்கிறோம். முதல் நூற்றாண்டுக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய ரபியின் முன் போய் உட்காருகிறோம். இது பெரிய ஆபத்து.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மாய்மாலக்காரரைத் திட்ட வேண்டுமென்றால் ‘பரிசேயர்’ என்று சொல்லிவிடுவது நம் பிரசங்கிகளின் வழக்கம். கி.பி. 70-ல் எருசலேம் தேவாலயம் இடிக்கப்பட்ட பிறகு யூத மார்க்கத்தைக் கட்டிக்காத்த ரபிமார் அந்தப் பரிசேயர் மரபில் வந்தவர்கள். உங்கள் ஊர் ரபி அந்த மரபின் பிள்ளை. அவர் உங்கள் சபையில் விருந்தினராக அமர்ந்திருக்கும் ஞாயிறன்று அந்தச் சொல்லை அப்படி எடுப்பீர்களா? எடுக்க மாட்டீர்கள் என்றால், அவர் இல்லாத ஞாயிற்றிலும் எடுக்காதீர்கள்.

3. புனித வெள்ளிக்கு ஒரு மாதம் முன்பே ஆயத்தமாகுங்கள்.

அன்று யோவான் சுவிசேஷத்தின் பாடு வரலாற்றை வாசிக்கிறோம். ‘யூதர்கள்’ என்ற பேச்சு அதில் திரும்பத் திரும்ப வரும். இடைக்கால ஐரோப்பாவில் இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்த கூட்டம் யூதர்களின் தெருக்களில் என்ன செய்தது என்பது சரித்திரம். 1964-ல் செயின்ட் லூயிஸில் பொதுப் பேரவை கூடியபோது, கிறிஸ்துவைக் கொன்ற பழியை யூத இனத்தின் மேல் சுமத்துவது தவறு என்று எபிஸ்கோப்பல் பேராயர்கள் தீர்மானம் செய்தார்கள். வத்திக்கான் தன் புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டது அதற்கு மறு ஆண்டுதான். 1988-ல் கிறிஸ்தவ யூத உறவுக்கான வழிகாட்டு நெறிகளையும் பொதுப் பேரவை ஏற்றது. இவை உங்கள் திருச்சபையின் சொந்த ஆவணங்கள். வாசித்துவிட்டு அன்றைய பிரசங்கத்தை எழுதுங்கள்.

பரிசுத்த வாரத்தில் சபை மண்டபத்தில் யூதரின் பஸ்கா விருந்தை நாமாகவே நடத்திக் காட்டும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வேண்டாம். இன்று யூத வீடுகளில் நடக்கும் அந்த விருந்தின் ஒழுங்கு பெரும்பாலும் தேவாலயம் இடிந்த பிறகு உருவானது. ஆண்டவரின் கடைசி இராப்போஜனம் இப்படித்தான் நடந்தது என்று காட்டுவது வரலாற்றுப்படியும் சரியில்லை. ஒரு யூதக் குடும்பம் தங்கள் மேசைக்கு உங்களை அழைத்தால் மகிழ்ச்சியோடு போங்கள்.

4. நீங்கள் விசுவாசிப்பதை ஒளிக்காதீர்கள்.

புதிதாக வருபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். விருந்தினர் மனம் நோகும் என்று இயேசுவின் பெயரை விட்டுவிட்டு, காற்றில் கரைந்துபோகும் ஒரு பொது ஜெபத்தை எழுதுகிறார்கள். எந்த இமாமும் உங்களிடம் அதைக் கேட்கவில்லை. அவர் அவருடைய முறையில் ஓதட்டும். நீங்கள் உங்கள் முறையில் ஜெபியுங்கள். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர்கள் மரியாதையோடு நிற்கட்டும்.

2009-ல் பொதுப் பேரவை ஏற்ற பிற சமய உறவு பற்றிய இறையியல் அறிக்கையின் சாரமும் இதுதான். நம் இரட்சிப்பு கிறிஸ்துவில் என்று தெளிவாகச் சொல். அதைச் சொல்வது மற்ற சமயங்களோடு போட்டியிடுவதற்கு அல்ல. அதே 2009-ல், தான் கிறிஸ்தவரும் முஸ்லிமும் ஆவேன் என்று பகிரங்கமாக அறிவித்திருந்த சியாட்டில் நகரக் குருவானவர் ஒருவர் குருத்துவத்திலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய பக்தியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் அவருடைய பேராயரின் முடிவு சரியென்றே கருதுகிறேன். இஸ்லாத்தின் சாட்சியத்தை இஸ்லாமியர்தான் சொல்ல வேண்டும். நம்மிடமிருந்து அவர்கள் கேட்க விரும்புவது நம்முடைய சாட்சியத்தை.

5. செய்தி எப்படிப் போகும் என்பதை முன்கூட்டியே யோசியுங்கள்.

2008 ஜனவரி 19. லாஸ் ஏஞ்சல்ஸின் புனித யோவான் பேராலயத்தில் இந்திய முறையில் ஒரு திருவிருந்து ஆராதனை. இந்துத் துறவிகளும் பக்தர்களும் வந்திருந்தார்கள். மதமாற்ற முயற்சிகள் உட்பட இந்துக்களுக்கு இழைக்கப்பட்ட பாகுபாட்டுக்காகத் திருமண்டலப் பேராயரின் மன்னிப்பு அறிக்கை வெளியானது. மறுநாள் நகரின் பெரிய நாளிதழில் ஒரு செய்தி: வந்திருந்த அனைவரும் திருவிருந்துக்கு அழைக்கப்பட்டார்களாம், இந்துக்களும் அப்பம் உண்டார்களாம். எபிஸ்கோப்பல் சபைகளில் கடும் விவாதம் கிளம்பியது.

பிறகு அந்த நாளிதழே திருத்தம் போட்டது. அப்பமும் இரசமும் பெற அழைக்கப்பட்டவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டுமே. இந்துக்களின் நம்பிக்கையை மதித்து, அவர்கள் ஒரு பூவை எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. இந்துக்கள் என்று செய்தியில் சொல்லப்பட்டவர்களில் சிலர் இந்திய உடை அணிந்த கிறிஸ்தவர்கள்! நம் வீட்டுப் பெண்கள் பட்டுச் சேலையில்தான் பீடத்தண்டை போவார்கள். அமெரிக்க நிருபருக்கு அது எப்படித் தெரியும்? எவ்வளவு யோசித்து, எவ்வளவு நாகரிகமாக வைத்த பூ அது! அந்தப் பூவைப் பற்றித் தெரிந்தவர்கள் சிலர். அப்பத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களோ எங்கெங்கும் இருந்தார்கள்.

ஆகவே பத்திரிகையாளர் வருகிறார் என்றால் ஒரு பக்கத் தாளை அவர் கையில் கொடுங்கள். யார் யார் வருகிறார்கள், யார் எதில் பங்கேற்கிறார்கள், எதில் பங்கேற்கவில்லை, ஏன் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பெயர்களின் எழுத்துக்கூட்டலும் இருக்கட்டும்.

அந்த மன்னிப்பைப் பற்றியும் கேட்பீர்கள். நம்மில் பலருக்கு இந்து உறவினர்கள் உண்டு. இந்த விஷயம் நமக்கு எட்ட நின்று பார்க்கும் சங்கதி இல்லை. அவர்கள் கும்பிடுவதை இழிவாகப் பேசியதற்கும், பசியையும் நோயையும் பயன்படுத்தி வற்புறுத்தியதற்கும் மன்னிப்புக் கேட்பது கிறிஸ்தவக் கடமை. சுவிசேஷத்தைச் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இரண்டையும் பிரித்துச் சொல்லப் பழகுங்கள்.

6. உங்கள் சபைச் செய்தி மடலும் பத்திரிகைதான்.

நோன்பு திறப்புக்குப் பள்ளிவாசல் போய் வந்தீர்களா? அதைப் பற்றி எழுதும் பத்தியை அச்சுக்குப் போகுமுன் அந்த இமாமுக்கு அனுப்பிப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தன்னையும் தன் மக்களையும் அதில் அடையாளம் காண வேண்டும். ‘நம்மோடு ஒத்துக்கொண்டார்கள்’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். கேட்காமல் படம் போடாதீர்கள். குழந்தைகள் படம் என்றால் பெற்றோரைக் கேளுங்கள். யூத ஜெபாலயத்தில் நடக்கும் கூட்டத்தின் நேரத்தையும் இடத்தையும் வெளியிடலாமா என்று அவர்களையே கேளுங்கள். இந்த நாட்டில் அவர்கள் வாசலில் காவல் வைத்துத் தொழ வேண்டிய நிலை இருக்கிறது. தவறு நேர்ந்தால் அடுத்த மடலில் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள்.

7. சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் ஒரு அட்டை.

இறைச்சி உண்டா, என்ன இறைச்சி, ஹலாலா, முட்டை உண்டா, பருப்பு வகைகள் உண்டா என்று எழுதி வையுங்கள். மிட்டாயிலும் கேக்கிலும் ஜெலட்டின் இருக்கும். அது பன்றியிலிருந்தும் மாட்டிலிருந்தும் எடுப்பது என்று சமையல் பொறுப்பிலிருக்கும் அம்மாக்களுக்குப் பல நேரம் தெரியாது. எபிஸ்கோப்பல் சபை விருந்துகளில் மது வைப்பது சகஜம்; அன்று வேண்டாம். கோஷர் முறையை நீங்களே சமைத்துக் காட்ட முயலாமல், ரபியைக் கேட்டு அதற்கான கடையில் வாங்குங்கள். நோன்பு திறக்கும் மாலையில் பேச்சாளர் நீட்டிக்கொண்டே போனால் நடுவில் எழுந்து நிறுத்துங்கள். பேரீச்சம்பழமும் தண்ணீரும் சூரியன் மறையும் நேரத்துக்கு மேசையில் இருக்க வேண்டும்.

8. வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் யூதர்களை அழைக்காதீர்கள். யூதப் பண்டிகைகளும் ரமலானும் ஆண்டுதோறும் நம் நாள்காட்டியில் நகரும். ஜனவரியிலேயே குறித்து வையுங்கள்.

9. துக்க நாளில் அழைப்புக்குக் காத்திருக்காதீர்கள்.

2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க்கில் ‘ட்ரீ ஆஃப் லைஃப்’ ஜெபாலயத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 11 பேர் கொல்லப்பட்டார்கள். கட்டடம் பூட்டப்பட்டது. மறு ஆண்டு அவர்களுடைய பெரிய பண்டிகை நாட்கள் வந்தபோது, அதே நகரின் கல்வாரி எபிஸ்கோப்பல் ஆலயம் அவர்கள் தொழத் தன் இடத்தைக் கொடுத்தது. நம்மால் கொடுக்க முடிந்தவற்றில் இதைவிடப் பெரியது எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இப்படிப்பட்ட நாளில் கேமராவோடு போகாதீர்கள். ஆறுதல் சொல்லப் போய்ப் பிரசங்கம் செய்யாதீர்கள். உட்கார்ந்திருங்கள், கேட்டால் மட்டும் பேசுங்கள்.

10. சபை நிர்வாகக் குழுவுக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள். எதிர்ப்பவர்கள் எல்லாரும் வெறுப்பவர்கள் இல்லை. எகிப்திலோ பாகிஸ்தானிலோ கிறிஸ்தவராக வாழ்ந்து அடிபட்டு வந்தவர் உங்கள் சபையில் இருந்தால், அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அவர் வீட்டுக்குப் போய் முழுவதும் கேளுங்கள்.

11. தொடங்கியவர்தான் முடிக்க வேண்டும் என்றில்லை.

நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில் ஜெபாலயம், பள்ளிவாசல், கிறிஸ்தவ ஆலயம் மூன்றும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அங்கிருந்த ரபி ஒருவர் பள்ளிவாசலுக்குத் துணையாகப் போய் நின்றதிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. 2006-ல் முயற்சி உருவானபோது கிறிஸ்தவப் பங்காளியாக இருந்தது நெப்ராஸ்கா எபிஸ்கோப்பல் திருமண்டலம். கடைசியில் அங்கே ஆலயம் கட்டியது வேறொரு கிறிஸ்தவப் பிரிவின் சபை. இதை எபிஸ்கோப்பல் தோல்வி என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆரம்ப ஆண்டுகளில் மேசையில் உட்கார ஒரு கிறிஸ்தவர் இல்லாமல் போயிருந்தால் மூன்றாவது கட்டடத்துக்கு அங்கே நிலமே ஒதுக்கப்பட்டிராது.

12. இந்த வாரமே தொடங்குங்கள்.

பெரிய பேராலயங்களைப் பற்றிச் சொன்னேனே என்று மலைக்காதீர்கள். முப்பது பேர் வரும் சபையாக இருந்தாலும் தொலைபேசி இருக்கிறது. பக்கத்துப் பள்ளிவாசலுக்கு அழைத்து, “நான் புதிதாக வந்திருக்கும் குருவானவர், உங்களைப் பார்க்க வரலாமா?” என்று கேளுங்கள். கையில் எந்தத் திட்டமும் வேண்டாம். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் அழைக்காதீர்கள். அது ஜும்ஆ நேரம், இமாம் எடுக்க மாட்டார்.