பெட்டி கனமாயிருப்பது ஏன்?

ஒலிபெருக்கியின் கூம்பு முன்புறக் காற்றை நெருக்கும்போது பின்புறக் காற்று தளர்கிறது. இவ்விரண்டும் கலந்தால் மிருதங்கத் தொப்பியின் ஆழ்ந்த ஒலி தேய்ந்துவிடும். அதனாலேயே கூம்பின் பின்புறத்தைப் பெட்டியால் அடைக்கிறோம்.

மெல்லிய பலகை தானும் அதிர்ந்து இசையைக் கெடுக்கும். ஆகவே 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையைத் தேர்ந்தெடுப்போம். எதிரெதிர்ப் பலகைகளைக் குறுக்குச் சட்டத்தால் இணைப்போம். மூட்டுகளில் பசை தடவித் திருகாணிகளை முடுக்குவோம், காற்று கசியலாகாது. ஒலிபெருக்கியின் விளிம்பின் கீழ் ரப்பர் வளையம் இடுவோம். பெட்டியின் கொள்ளளவு, ஒலிபெருக்கியுடன் வரும் குறிப்பின்படி அமைதல் வேண்டும்.

பெட்டியை இருவராகத் தூக்குவோம். ஆழ்ந்த ஒலி சுவரையும் கடக்கும். விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்வோர் அடுத்த வீட்டில் உறங்குவர். இரவில் ஒலியைத் தணிப்பது நமது கடமையாகும்.