கீரைப் பாத்தியில் காணும் நோய்கள்

விதைத்த 25 நாட்களில் கையில் காசு தரும் பயிர் கீரை. தறியோடு தோட்டமும் வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு அன்றாடச் செலவை ஈடுகட்ட இது பெரிதும் உதவுகிறது. ஆனால் புள்ளி விழுந்த கீரைக்கட்டைச் சந்தையில் ஒருவரும் வாங்கார். ஆகையால், தண்டுக்கீரை, சிறுகீரை போன்றவற்றில் அடிக்கடி தோன்றும் மூன்று நோய்களை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

முதலாவது நாற்றழுகல். முளைத்த சில நாட்களில் தண்டு மண்மட்டத்தில் அழுகி, நாற்றுகள் திட்டுத்திட்டாகச் சாயும். நெருக்கமான விதைப்பும் தேங்கிய நீரும் இதற்குக் காரணம். விதையை மணலோடு கலந்து பரவலாகத் தூவ வேண்டும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பது நலம்.

இரண்டாவது வெண்துரு. இலையின் மேற்புறத்தில் மஞ்சள் புள்ளி தோன்றும். திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் வெண்கொப்புளம் இருக்கும். அது வெடித்து வெளிப்படும் பொடி காற்றிலும் மழையிலும் பரவி, ஈரமான இலைகளில் பற்றிக்கொள்ளும். வரப்பில் வளரும் முள்ளுக்கீரையும் குப்பைக்கீரையும் இந்நோய்க்குப் புகலிடம். அவற்றைக் களைந்துவிட வேண்டும்.

மூன்றாவது இலைக்கருகல். மழைக்காலத்தில் இலைகளில் வெளிறிய திட்டுகள் உண்டாகிப் பரவும். கேரளத்தில் செங்கீரைக்கு இது பெருஞ்சேதம் விளைவிக்கிறது. கோ-1 என்னும் பச்சைக்கீரை இரகம் இதனைத் தாங்கி வளரும். மண்ணிலிருந்து தெறிக்கும் நீர்த்துளிகளே நோயை இலைக்கு ஏற்றுகின்றன. ஆதலால் மேலிருந்து நீர் தெளிக்காமல், வாய்க்கால் வழியே காலையில் பாய்ச்சுக.

மருந்து தெளித்தால் போதாதோ எனச் சிலர் வினவலாம். நிலக்கடலையில் இலைக்குத் தெளிக்கிறோம். மண்ணுக்குள் விளையும் பருப்பை உண்கிறோம். கீரையிலோ தெளித்த இலையே உணவு. மருந்தின் வீரியம் தணியும்வரை காத்திருந்தால் கீரை முற்றிவிடும். காத்திராமல் அறுத்தால் உண்போருக்குத் தீங்கு. அவ்வுண்போரில் நம் குழந்தைகளும் அடங்குவர்.

எனவே வருமுன் காத்தலே தக்க வழி. நாள்தோறும் காலையில் சில இலைகளைத் திருப்பிப் பாருங்கள். நோயுற்ற செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். எருக்குழியில் இட்டால் நோய்வித்து மீண்டும் பாத்திக்கே திரும்பும். நோய் கண்ட பாத்தியில் அடுத்த போகம் கீரையை விடுத்து வேறு பயிர் செய்யுங்கள்.