போர்டுக்கு ஓர் அர்ச்சனைச் சீட்டு: டிவைஸ் ட்ரீ ஒரு பாடம்

இந்த முறை ஹார்ட்வேர் பக்கம் போகலாம். ராஸ்பெரி பை மாதிரி சின்ன போர்டு வைத்து ஏதாவது செய்து பார்த்தவர்களுக்கு இந்தப் பாடம் நேரடியாகப் பயன்படும். செய்து பார்க்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். லினக்ஸ் கமாண்டு நாலைந்து தெரிந்தால் போதும்.

ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். கோயில் மண்டபத்தில் பூஜை நேரத்துக்கு மின்சார மணி தானாக அடிக்க வேண்டும். ஒரு ராஸ்பெரி பை 4, ஒரு ரிலே, ஒரு மணி. புரோகிராம் எழுதுவது பெரிய விஷயமே இல்லை. பிரச்சினை நேரத்தில்தான் இருக்கிறது. பை 4-இல் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. இண்டர்நெட் இருந்தால் அங்கிருந்து நேரத்தை வாங்கிக்கொள்ளும். இண்டர்நெட் இல்லாத மண்டபத்தில் கரண்ட் போய் வந்தால், கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்து திரும்ப எண்ண ஆரம்பிக்கும். இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லையா? மாலை ஆறரைக்கு அடிக்க வேண்டிய மணி எட்டரைக்கு அடிக்கும், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு.

இதற்கு மருந்து டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப். பட்டன் பேட்டரியோடு சின்ன மாட்யூலாக, மலிவாகக் கிடைக்கிறது. நாலே வயர்: பையின் 1-ஆம் பின்னில் 3.3 வோல்ட், 3-இல் எஸ்டிஏ, 5-இல் எஸ்சிஎல், 6-இல் கிரவுண்ட். மாட்டியாச்சு. போர்டை ஆன் செய்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. சிப் நன்றாக இருக்கிறது, வயர் சரி, இந்தச் சிப்புக்கான டிரைவர்கூட லினக்ஸில் பல வருடமாக இருக்கிறது. ஆனாலும் கெர்னலுக்கு அப்படி ஒரு சிப் மாட்டியிருப்பதே தெரியாது. "சிப் கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்டி இன்னொன்று ஆர்டர் செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

யூஎஸ்பி மவுஸை மாட்டினால் மட்டும் உடனே வேலை செய்கிறதே, இது ஏன் செய்யவில்லை?

யூஎஸ்பி கருவி வாயுள்ள பிள்ளை. மாட்டியதும் கணினி "நீ யார்?" என்று கேட்கும். கருவி தன் தயாரிப்பாளர் எண், தன் மாடல் எண், தான் என்ன வகை என்று எல்லாவற்றையும் ஒப்பிக்கும். கணினிக்குள் இருக்கும் பிசிஐ கார்டுகளும் அப்படித்தான். நம் கடிகாரச் சிப் உட்கார்ந்திருப்பது ஐ2சி என்ற இரண்டு வயர் பாதையில். அங்கே ஒவ்வொரு சிப்புக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கூப்பிட்டால் சிப் "இருக்கேன்" என்று மட்டும் சொல்லும். யார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கேட்பதற்கென்று பொதுவான வழியும் அங்கே கிடையாது.

டிஎஸ்3231-இன் எண் ஹெக்ஸில் 68. சரி, 68-ஐக் கூப்பிட்டுப் பதில் வந்தால் இது கடிகாரம் என்று கெர்னலே முடிவு செய்துகொள்ளக் கூடாதா? கூடாது. ரோபோ செய்பவர்கள் வாங்கும் எம்பியூ6050 என்ற அசைவு சென்சாருக்கும் அதே 68தான். பழைய டிஎஸ்1307 கடிகாரத்துக்கும் அதே 68. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்று. ஊகித்து எழுதப் போனால், கடிகாரத்தில் நேரம் வைப்பதாக நினைத்து சென்சாரின் செட்டிங்கை மாற்றிவிடும்.

கோயில் கவுண்டரில் அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறோம். பெயரும் நட்சத்திரமும் எழுதிக் கொடுக்கிறோம். குருக்கள் நம் முகத்தைப் பார்த்து நட்சத்திரம் கண்டுபிடிக்க முடியாது. சீட்டில் இருப்பதைத்தான் சொல்வார். ரோகிணி என்று தப்பாக எழுதியிருந்தால் ரோகிணி என்றுதான் சொல்வார். போர்டைப் பற்றி கெர்னலிடம் நீட்டுகிற அந்தச் சீட்டுதான் டிவைஸ் ட்ரீ. இந்த ஒப்புமையை மனதில் வைத்துக்கொண்டால் மீதிப் பாடம் சுலபம்.

கொஞ்சம் வரலாறு. ஆரம்பத்தில் ஏஆர்எம் சிப் உள்ள போர்டுகளுக்கு இந்த விவரத்தையெல்லாம் கெர்னலின் சி கோடுக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். ஒவ்வொரு போர்டுக்கும் தனி ஃபைல். எந்தச் சிப் எந்த முகவரியில், எந்த இண்டரப்ட், எந்த பின் என்று பக்கம் பக்கமாகப் போகும். போன், டேப்லெட் எல்லாம் பெருகியபோது இந்தக் குப்பையும் பெருகியது. 2011 மார்ச்சில் லினஸ் டோர்வால்ட்ஸ் எல்லோரும் பார்க்கும்படியே ஏஆர்எம் குழுவைத் திட்டித் தீர்த்தார். (அவர் திட்டிய வார்த்தைகளை இந்த இதழில் அச்சிட முடியாது.) தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. சன் நிறுவனத்தின் ஸ்பார்க் கணினிகளும் ஆப்பிளின் பவர்பிசி கணினிகளும் பயன்படுத்திய ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற முறையில், ஹார்ட்வேர் விவரத்தை ஒரு மரமாக எழுதிக் கெர்னலிடம் கொடுக்கும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. லினக்ஸின் பவர்பிசி பகுதி அதைப் பயன்படுத்திக்கொண்டும் இருந்தது. அதையே ஏஆர்எம்முக்கும் கொண்டு வந்தார்கள். 2012 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.7-இல், வெவ்வேறு நிறுவனங்களின் ஏஆர்எம் சிப்புகளில் ஒரே கெர்னல் ஓடும் வசதி வந்தது. போர்டு மாறினால் கெர்னலை மாற்ற வேண்டியதில்லை, சீட்டை மாற்றினால் போதும். இன்றைக்கும் கெர்னல் கோடில் டிவைஸ் ட்ரீ சம்பந்தப்பட்ட ஃபங்ஷன்களின் பெயர் "ஓஎஃப்" என்று தொடங்கும். அது ஓப்பன் ஃபர்ம்வேரின் சுருக்கம்.

இப்போ சீட்டில் என்ன எழுதுகிறோம் என்று பார்ப்போம். நம் கடிகாரத்துக்கான பகுதி கிட்டத்தட்ட இப்படி இருக்கும். இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

ஐ2சி1 {
    ஆர்டிசி@68 {
        காம்பேட்டிபிள் = "மேக்ஸிம்,டிஎஸ்3231";
        ரெக் = <ஹெக்ஸ் 68>;
        ஸ்டேட்டஸ் = "ஓகே";
    };
};

வெளியே உள்ள அடைப்பு ஐ2சி பாதை. உள்ளே உள்ள அடைப்பு அந்தப் பாதையில் தொங்கும் சிப். மரம் என்று சொல்வது இதனால்தான்: போர்டு வேர், அதிலிருந்து பாதைகள் கிளைகள், அதில் சிப்புகள். "ரெக்" என்பது சிப் எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. "ஸ்டேட்டஸ்" அது பயன்பாட்டில் இருக்கிறதா இல்லையா என்று சொல்கிறது.

முக்கியமானது "காம்பேட்டிபிள்". தயாரிப்பாளர் பெயர், ஒரு கமா, சிப்பின் பெயர். ஒவ்வொரு டிரைவரும் "எனக்கு இந்த இந்தப் பெயர்கள் தெரியும்" என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். சீட்டில் இருக்கும் பெயரும் பட்டியலில் இருக்கும் பெயரும் பொருந்தினால் கெர்னல் அந்த டிரைவரை எழுப்பும். நம் டிஎஸ்3231-ஐப் பார்த்துக்கொள்ளும் டிரைவரின் பெயர் ஆர்டிசி-டிஎஸ்1307. பெயர் வேறாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அண்ணன் பெயரில் தம்பிகளையும் அதுதான் கவனிக்கிறது.

இங்கே ஒரு தொல்லை உண்டு. காம்பேட்டிபிள் பெயரில் ஓர் எழுத்து தப்பாகப் போனால் எரர் எதுவும் வராது. கெர்னல் வாயே திறக்காது. ஏனென்றால் டிரைவர் இல்லாத சிப் சீட்டில் இருப்பது அதற்குச் சாதாரண விஷயம். அந்த டிரைவர் பிறகு லோட் ஆகலாம், இல்லை இந்தக் கெர்னலில் சேர்க்கப்படாமலே இருக்கலாம். அதனால் அமைதியாகத் தாண்டிப் போய்விடும். எரர் வரவில்லை என்பதை எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ராஸ்பெரி பையிலேயே டிவைஸ் ட்ரீயின் அழகைப் பார்க்கலாம். ஐ2சி1 பாதையின் கண்ட்ரோலர், பையின் சீட்டில் 7இ804000 என்ற முகவரியில் எழுதப்பட்டிருக்கும் (ஹெக்ஸ் எண்ணில் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் எண்தான்). ஆனால் பிராசசர் பார்க்கும் முகவரி தலைமுறைக்குத் தலைமுறை வேறு. 7இ000000-இல் தொடங்கும் அந்தப் பகுதி முதல் பையில் 20000000-இலும், பை 2, பை 3-இல் 3எஃப்000000-இலும், பை 4-இல் எஃப்இ000000-இலும் தெரியும். "ரேஞ்சஸ்" என்ற ஒரு வரி இந்த மொழிபெயர்ப்பைச் செய்துவிடுகிறது. ஐ2சி டிரைவர் எழுதியவர் இதைப் பற்றிக் கவலையே பட வேண்டாம். போர்டு ஃபைல் காலமாக இருந்திருந்தால் ஒவ்வொரு தலைமுறைக்கும் யாராவது உட்கார்ந்து எண்ணை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

எழுதிய சீட்டை டிடிசி என்ற கம்பைலர் பைனரி ஃபைலாக மாற்றும். ஆன் செய்ததும் பூட்லோடர் அதை மெமரியில் வைத்து, எங்கே வைத்தேன் என்று கெர்னலிடம் சொல்லிவிட்டுப் போகும். அந்த ஃபைலின் முதல் நாலு பைட்டை ஹெக்ஸில் எழுதினால் டி00டிஎஃப்இஇடி என்று வரும். "டூட் ஃபீட்" என்று வாசிக்கலாம், இன்ஜினியர்களின் குறும்பு.

நாம் முழுச் சீட்டையும் எழுத வேண்டியதில்லை. பையோடு வரும் சீட்டின் மேல் ஒட்டும் துண்டுச் சீட்டு உண்டு, அதற்கு ஓவர்லே என்று பெயர். கான்ஃபிக் ஃபைலில் "டிடிஓவர்லே=ஐ2சி-ஆர்டிசி,டிஎஸ்3231" என்று ஒரு வரி சேர்த்து ரீபூட் செய்தால் மேலே பார்த்த பகுதி மரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டியதா என்று பார்ப்பது எப்படி? ஐ2சி பாதையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க "ஐ2சிடிடெக்ட்" கமாண்டு இருக்கிறது. சீட்டில் சேர்ப்பதற்கு முன் 68 என்ற எண் தெரியும். அப்படியென்றால் வயர் சரி, சிப்புக்கு உயிர் இருக்கிறது. சேர்த்த பிறகு அதே இடத்தில் "யூயூ" என்று வரும். ஒரு டிரைவர் அந்தச் சிப்பைக் கையில் எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். 68-ஆகவே இருந்தால் சீட்டில் பிழை, இல்லையென்றால் டிரைவர் இல்லை. எதுவுமே தெரியவில்லை என்றால் வயரைப் பாருங்கள், அல்லது ஐ2சி பாதையே ஆன் ஆகவில்லை. இந்த மூன்று நிலையும் தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு சிப் வாங்கத் தேவை வராது. கெர்னல் கையில் இப்போது இருக்கும் முழு மரத்தையும் பார்க்க வேண்டுமா? "ப்ராக்" ஃபோல்டருக்குள் "டிவைஸ்-ட்ரீ" என்ற பெயரில், அடைப்புகள் ஃபோல்டர்களாகவும் விவரங்கள் ஃபைல்களாகவும் இருக்கும். உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், சிப் பெயர்களைப் பார்த்தாலே போர்டு புரிய ஆரம்பிக்கும்.

சீட்டில் எழுதக் கூடாததும் உண்டு. மணி எத்தனை மணிக்கு அடிக்க வேண்டும், எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்பதெல்லாம் ஹார்ட்வேர் இல்லை, நம் விருப்பம். அது புரோகிராமில் இருக்க வேண்டும். ரிலே எந்த பின்னில் மாட்டியிருக்கிறது என்பது ஹார்ட்வேர், அது சீட்டுக்கு உரியது. கெர்னல் குழுவினர் இந்தக் கோட்டை ரொம்பக் கண்டிப்பாகக் காக்கிறார்கள். போர்டு ஒன்றே, ஆனால் அதை வாங்கும் நூறு பேரின் விருப்பம் நூறு.

கெர்னல் சீட்டை நம்புகிறது என்று சொன்னேன் அல்லவா, அந்த நம்பிக்கை விளையாட்டு இல்லை. டிஎஸ்1339 என்று இந்தக் குடும்பத்திலேயே ஒரு கடிகாரம் உண்டு. பேட்டரிக்கு மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் வசதி அதற்கு இருக்கிறது. சீட்டில் "ட்ரிக்கிள்-ரெசிஸ்டர்-ஓம்ஸ்" என்று ஒரு வரி எழுதினால் டிரைவர் அந்தச் சார்ஜரை ஆன் செய்துவிடும். மாட்டியிருப்பது ரீசார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியா, சாதா பேட்டரியா என்று அதற்குப் பார்க்கக் கண் கிடையாது. சாதா பேட்டரியில் சார்ஜ் ஏற்றினால் வீங்கும், கசியும். இண்டர்நெட்டில் வேறொருவர் போர்டுக்கு எழுதிய வரிகளை அப்படியே காப்பி அடிக்கும்போது இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் டிஎஸ்3231 சிப்பில் அந்தச் சார்ஜர் இல்லை. ஆனால் கடைகளில் அதிகம் கிடைக்கும் நீல நிற மாட்யூல்களில், சிப்புக்கு வெளியே ஒரு டயோடும் ரெசிஸ்டரும் வைத்துச் சார்ஜ் ஏற்றும் பாதையைப் போட்டிருப்பார்கள். இது கெர்னலுக்குத் தெரியாது, சீட்டில் எழுதி நிறுத்தவும் முடியாது. அதனால்தான் ஆரம்பத்தில் 3.3 வோல்ட் என்று சொன்னேன். 5 வோல்ட்டில் மாட்டினால் சாதா சிஆர்2032 பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும், எஸ்டிஏ, எஸ்சிஎல் வயர்களும் 5 வோல்ட்டுக்கு இழுக்கப்படும். பையின் பின்கள் 3.3-க்கு மேல் தாங்காது. மாட்டும் முன் மாட்யூலைத் திருப்பி, பேட்டரி மேல் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள்: எல்ஐஆர் என்றால் ரீசார்ஜ் ஆகும், சிஆர் என்றால் ஆகாது.