கொடுப்பவரையும் கேள்

அலோர் ஸ்டார்

அன்புள்ள மருமகனுக்கு,

மாநிலத்துக்கு ஆடத் தேர்வானால் செலவை யார் பார்ப்பார்கள் என்று கேட்டிருந்தாய். மட்டை பிடிக்கிற வயதிலேயே இதையும் தெரிந்துகொள்வது நல்லதுதான்.

முதலில் செலவைப் பார். ஓர் இறகுப்பந்தில் 16 இறகுகள். அதில் ஒன்று முறிந்தாலே பந்து தடம் மாறும். தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டியதுதான். 12 பந்து உள்ள குழாய் பெரிய ஆட்டக்காரர்களிடம் எவ்வளவு நேரம் தாங்கும்? இதற்கு மேல் பயிற்றுநர் சம்பளம், விமான டிக்கெட், பிசியோ. தோட்டத்துச் சம்பளத்தில் இதெல்லாம் முடியாது. அதனால்தான் அரசாங்கம் கைகொடுக்கிறது.

1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய விளையாட்டு மன்றம் பயிற்சிக்கும் மாதப்படிக்கும் பணம் தருகிறது. காயத்தையும் உடற்தகுதியையும் ஐ.எஸ்.என். எனப்படும் தேசிய விளையாட்டுக் கழகம் கவனிக்கிறது. ஆளைத் தேர்ந்தெடுப்பதும் போட்டிக்கு அனுப்புவதும் அந்தந்த விளையாட்டுச் சங்கத்தின் வேலை. 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி அந்தச் சங்கங்கள் விளையாட்டு ஆணையரிடம் பதிவு பெற வேண்டும். உனக்கு முதலில் கதவைத் திறக்கப்போவது கெடா மாநில விளையாட்டு மன்றம். மாநிலங்கள் மோதும் சுக்மா போட்டிக்கு ஆளைத் தயார் செய்வது அதுதான்.

இத்தனை கைகள் எதற்கு என்று தோன்றும். நம் ஊரில் பிறந்த லீ சீ ஜியாவைப் பார். 2021இல் அகில இங்கிலாந்துப் பட்டம் வென்றவர், 2022 ஜனவரியில் மலேசியப் பூப்பந்துச் சங்கத்தை விட்டு விலகித் தனியாக ஆடப் போனார். அனைத்துலகப் போட்டிகளுக்கு அவர் பெயரை 2 ஆண்டுகளுக்கு அனுப்ப மாட்டோம் என்றது சங்கம். மேல்முறையீட்டுக்குப் பிறகு, சில நாள்களிலேயே தடை நீங்கியது. பயிற்சி தருவதும் போட்டிக்குப் பெயர் கொடுப்பதும் ஒரே இடமானால், அங்கே பகைத்துக்கொண்டவருக்கு ஆட வேறு வழியில்லை. 2023இல் இளைஞர், விளையாட்டு அமைச்சு ஒலிம்பிக் தங்கத்துக்காகத் தொடங்கிய ‘ரோட் டு கோல்ட்’ திட்டத்தில், சங்கத்துக்கு வெளியே இருந்த சீ ஜியாவுக்கும் இடம் கிடைத்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவருக்கு வெண்கலம்.

தங்கம் வரவில்லையே, பணம் வீணா என்று காப்பிக் கடையில் கேட்பார்கள். கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் பதக்கத்தை மட்டும் எண்ணினால் கணக்குப் பிசகும். சுங்கை பட்டாணியில் பிறந்த ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி 2022 ஜூனில் சாலை விபத்தில் சிக்கி, பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்கே போக முடியவில்லை. அடுத்த ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தனிநபர் தங்கம் அவருடையது. அந்த ஓராண்டை மட்டும் பார்த்து ஒருவரின் பெயரை அடித்துவிடுகிற திட்டம் நாளைய தங்கத்தையும் சேர்த்து அடித்துவிடும்.

ஒலிம்பிக்கில் வென்றால் பரிசு உண்டு: தங்கத்துக்கு 10 லட்சம் வெள்ளி, வெண்கலத்துக்கு 1 லட்சம், மாதாமாதம் ஓய்வூதியமும். அதெல்லாம் மேடையேறிய பிறகு. பணம் அதிகம் தேவைப்படுவது, பெயர் தெரியாமல் பயிற்சி செய்கிற ஆண்டுகளில்தான். அந்தப் பணம் வழியிலேயே கரைந்துவிடவும் கூடும். இதே விளையாட்டு அமைச்சில் 10 கோடி வெள்ளிக்கு மேல் கையாடல் நடந்ததாக 2016இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணையில் இறங்கியது. ஆட்டக்காரரிடம் முடிவு கேட்கிறவர்கள், பணம் கொடுக்கிற மேசையிலும் ரசீது கேட்க வேண்டும்.

நீயும் கணக்குக் கொடுக்கத்தான் வேண்டும். பயிற்சிக்கு மட்டம் போடாதே, ஊக்கமருந்துச் சோதனைக்கு எப்போது அழைத்தாலும் போ, காயத்தை மறைக்காதே. ஒப்பந்தம் கைக்கு வந்தால் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து படி. காயப்பட்டால் மாதப்படி எத்தனை மாதம் தொடரும்? பெயரை நீக்குவது யார், எதை அளந்து? நீக்கினால் முறையீட்டை யாரிடம் கொடுப்பது? பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடு.

சின்னப் பையனுக்கு இவ்வளவு கேள்வியா என்று யாராவது முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். உன் அப்பா கடையில் சாமான் வாங்கும்போது கட்டுகிற வரியும் அரசாங்கம் தருகிற அந்தப் பணத்தில் இருக்கிறது.

அன்புடன்,
மாமா