புதிய அழகு நிலையம்: வாடிக்கையாளரை வரவழைப்பது எப்படி?

கடந்த வாரம் வாசகர் ஒருவர் கடைக்கு வந்தார். "நானா, மகளுக்கு ஒரு பியூட்டி பாலர் போட்டுக் குடுக்கப் போறன். ஆக்கள எப்படி எடுக்கிறது?" என்று கேட்டார். கல்லாப் பெட்டிக்கு முன்னால் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய விடயமல்ல அது. எனவே இந்த வாரம் அதனையே எழுதுகிறேன்.

நான் புடவை வியாபாரி. முகத்துக்கு எதைப் பூசுவது என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் தங்கையின் மகள் இந்தத் தொழிலைத் தொடங்கியபோது அவளுக்கு யோசனை சொன்னவன் நான். அந்த யோசனைகளில் பாதி பிழையாகப் போனது. அதிலிருந்து படித்ததைத்தான் இங்கு சொல்கிறேன்.

2023 ஆம் ஆண்டு ஏப்ரலில் நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு வாரம் கழித்து, கல்முனையில் ஒரு சிறிய அறையில் மருமகள் நிலையத்தைத் திறந்தாள். அவளுடைய கணவர் வேலை இழந்து வளைகுடாவிலிருந்து திரும்பி வந்திருந்த நேரம். அவள் தன் காப்புகளை விற்று முதல் போட்டாள். போதாமல் போனதற்கு நான் 1,44,000 ரூபா கைமாற்றாகக் கொடுத்தேன். மாதம் 12,000 வீதம் ஒரு வருடத்தில் திருப்பித் தருவதாகப் பேச்சு.

திறந்த காலமே முதலாவது பிழை. பெருநாளுக்கு முந்திய பத்து நாட்கள்தான் இந்தத் தொழிலின் அறுவடைக் காலம். அது முடிந்த பின் கடை திறந்தவர் அடுத்த பருவம் வரை வாடகையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு வாரம் சென்றதும் போன் எடுத்தாள். "மாமா, மூணு நாளா ஒருத்தரும் வரல்ல" என்றாள். குரல் உடைந்திருந்தது.

கழிவு கொடுத்துக் கெட்ட கதை

நான் உடனே புடவைக்கடைப் புத்தியைக் காட்டினேன். 2,000 துண்டுப்பிரசுரம் அடித்து, எல்லாவற்றுக்கும் நூற்றுக்கு இருபது கழிவு என்று ஊர் முழுக்கக் கொடுக்கச் சொன்னேன். இரண்டு வாரத்தில் ஏறக்குறைய தொண்ணூறு பெண்கள் வந்தார்கள். எனக்குப் பெருமை. அடுத்த மாதம் அவர்களில் திரும்பி வந்தவர்கள் ஏழு பேர்.

அப்போதுதான் இருவரும் அமர்ந்து கணக்குப் பார்த்தோம். திறக்கும் முன்னரே பார்த்திருக்க வேண்டிய கணக்கு அது.

வாடகை 18,000. மின்சாரம், தண்ணீர் 5,000. உதவிக்கு வரும் பிள்ளைக்கு 30,000. என் கடனுக்கு 12,000. மொத்தம் 65,000 ரூபா. மாதத்தில் 26 நாள் திறந்தால், ஒரு நாளைக்கு 2,500 ரூபா வந்தே ஆகவேண்டும்.

ஒரு பெண் சராசரியாக 800 ரூபாவுக்கு வேலை செய்துகொண்டு போகிறார். அதில் கிறீம், எண்ணெய், சாம்பு என்று 250 ரூபா போய்விடும். மிச்சம் 550. ஆகவே நாளொன்றுக்கு 5 பேர் வந்தால்தான் கடை நட்டமில்லாமல் ஓடும். இதில் மருமகளுடைய உழைப்புக்கு ஒழுங்கான கூலி கிடையாது.

இனி 20 வீதம் கழிவு கொடுத்துப் பாருங்கள். 800 ரூபா 640 ஆகிறது. சாமான் செலவு அதே 250 தான். மிச்சம் 390. இப்போது 5 பேர் போதாது, 7 பேர் வரவேண்டும். இரண்டு பேருக்கு அதிகமாக வேலை செய்து, பழைய இடத்திலேயே நிற்கிறோம். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350 ஐயும் தாண்டிப் போனபின், இறக்குமதிக் கிறீம்களின் விலை எப்படி ஏறியது என்பது புறக்கோட்டையில் சாமான் எடுக்கும் நம்மவர்களுக்குத் தெரியும். அந்தச் செலவில் கழிவு கொடுக்க யாரும் இல்லை.

புடவைக்குக் கழிவு கொடுத்தால் தேங்கிய சரக்குக் கரையும். அழகு நிலையத்தில் தேங்கும் சரக்கு நேரம் ஒன்றுதான். செவ்வாய் காலை வெறுமையாகக் கிடந்த கதிரையை வெள்ளி மாலை விற்க முடியாது. ஆகவே கழிவு கொடுப்பதாயின் ஆள் வராத நேரத்துக்கு மட்டும் கொடுங்கள். மருமகள் இப்போது செவ்வாய், புதன் காலையில் மட்டும் குறைத்து எடுக்கிறாள். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு வரும் தாய்மாருக்கு அது வசதி.

ஊர் முழுக்கத் தேவையில்லை

நாளைக்கு 5 பேர் என்றால் மாதத்துக்கு 130 பேர். மாதம் ஒருமுறை தவறாமல் வரும் 130 பெண்கள் இருந்தால் கடை நிற்கும். இந்தக் கணக்கு விளங்கியதும் மருமகளின் பயம் பாதி குறைந்தது. ஊரைப் பிடிக்கும் எண்ணத்தை விட்டு, வந்த பெண்ணைத் திரும்ப வரச்செய்வதில் கவனத்தை வைத்தாள்.

அதற்கு ஒரு கொப்பி போட்டாள். பெயர், வந்த திகதி, என்ன வேலை செய்தது, எந்தக் கிறீம் ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டில் அடுத்து என்ன விசேஷம் என்று எல்லாம் அதில் இருக்கும். "தங்கச்சிக்கு டிசம்பர்ல கலியாணம்" என்று பேச்சோடு பேச்சாக ஒருவர் சொன்னால் அதையும் எழுதுவாள். நவம்பரில் ஒரு போன். விரும்பி இலக்கம் தந்தவர்களுக்கு மட்டும், அதுவும் அவளே பேசுவாள்.

கலியாணப் பெண்ணுக்கு உடுப்புத் தைக்கும் ராத்தாவிடம் இரண்டு மாதத்துக்கு முன்னரே அளவு கொடுக்கப் போவார்கள். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் அப்படியான மூன்று தையல்கார ராத்தாமாரை மருமகள் போய்ச் சந்தித்தாள். தரகுப் பணம் பேசவில்லை. அவர்களுக்கு ஒரு முறை இலவசமாக வேலை செய்து காட்டினாள். தன்னிடம் வருபவர்களுக்குத் தையல் வேலை இருந்தால் அவர்களிடம் அனுப்பினாள். 2,000 துண்டுப்பிரசுரம் கொண்டு வராத ஆட்களை இந்த மூன்று ராத்தாமார் கொண்டு வந்தார்கள்.

மணப்பெண் அலங்காரத்துக்கு நாள் குறிக்கும்போது முற்பணம் வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். சொந்தக்காரர் என்று வெட்கப்பட்டு விட்டால், அந்த நாளில் வேறு ஆளையும் எடுக்க முடியாமல், வந்தவரும் வராமல் போகும்.

ஒரு படத்தால் வந்த பாடம்

இரண்டாவது மாதம் ஹஜ்ஜுப் பெருநாளோடு வேலை கூடியது. அந்த நேரத்தில்தான் பெரிய அடி விழுந்தது. உதவிக்கு நின்ற பிள்ளை ஒரு மணப்பெண்ணின் படத்தை எடுத்து, விளம்பரம் என்று நினைத்து வட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். அன்றிரவே அது பத்துக் கைக்கு மாறிவிட்டது. அந்தப் பெண்ணின் உம்மா அழுதுகொண்டு வந்தார். நம் பெண்கள் இப்படியான இடத்துக்கு வருவதே, உள்ளே நடப்பது வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான்.

மருமகள் எனக்குப் போன் எடுத்து, "கடையை மூடுவோமா மாமா?" என்று கேட்டாள். "மூட வேணாம் மகள். முதல்ல அவங்கட வீட்டுக்குப் போ" என்றேன். வாங்கிய பணம் முழுவதையும் எடுத்துக்கொண்டு போய், உதவிக்காரப் பிள்ளையின் மேல் பழியைப் போடாமல், "பிழை என்னுடையது" என்று மன்னிப்புக் கேட்டாள். பணத்தை அவர்கள் வாங்கவில்லை. ஆனால் அவள் தானாகப் போனதை ஊரில் சொன்னார்கள்.

அதன் பின் வேலை செய்யும் அறைக்குள் கைத்தொலைபேசி கொண்டுபோக யாருக்கும் அனுமதி இல்லை. கதவுக்குப் பின்னால் தடித்த திரையும் போட்டாள். எந்த வேலை செய்வோம், மார்க்கத்துக்கு ஒவ்வாத எதைச் செய்யமாட்டோம் என்பதை விலைகளோடு சேர்த்துப் பலகையில் எழுதினாள். சில வேலைகளைச் செய்யாததால் ஆள் குறையும் என்று நான் பயந்தேன். அந்தப் பலகையைப் பார்த்துத்தான் பல தாய்மார் குமர்ப் பிள்ளைகளைத் தைரியமாக அனுப்பினார்கள்.

தோலில் விளையாடக் கூடாது

பழுதான புடவையை மாற்றிக் கொடுக்கலாம். பழுதாக்கிய முகத்தை மாற்றிக் கொடுக்க முடியாது. எனவே மூன்று விடயங்களைச் சொல்லி வைக்கிறேன்.

முதலாவது, தலைச்சாயம். பூசுவதற்கு 48 மணித்தியாலத்துக்கு முன் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கத்திலோ சிறிது வைத்துப் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ வந்தால் அந்தச் சாயம் அவருக்கு ஆகாது.

இரண்டாவது, "கறுப்பு மருதோன்றி". நல்ல மருதோன்றி செம்மஞ்சளாகப் பிடித்து, ஓரிரு நாளில் கபில நிறமாகக் கடுக்கும். சிறிது நேரத்திலேயே கறுப்பாகப் பிடிக்கும் கலவையில் தலைச்சாயத்தில் சேர்க்கும் இரசாயனம் இருக்கலாம். அது கையில் கொப்புளம் போட்டு, வாழ்நாள் ஒவ்வாமையையும் தந்துவிடக்கூடும்.

மூன்றாவது, செய்தவர் பெயரும் முகவரியும் இல்லாத வெள்ளையாக்கும் கிறீம். இப்படியானவை சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ள சருமக் கிறீம்களை 2020 உடன் நிறுத்த வேண்டுமென்று மினமாட்டா சர்வதேச உடன்படிக்கை முதலில் விதித்திருந்தது. பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்கி வைப்பவர், அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு நஞ்சு விற்கிறார்.

தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற அரச நிறுவனங்களில் இத்தொழிலைப் படித்து என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். அந்தச் சான்றிதழும் பிரதேச செயலகத்தின் வியாபாரப் பெயர்ப் பதிவும் சுவரில் தொங்கினால், வரும் தாய்மார் முதலில் அதைத்தான் வாசிப்பார்கள்.

மருமகள் என் கடனைப் பன்னிரண்டு மாதத்தில் தீர்க்கவில்லை. இரண்டு மாதம் தவணை தவறியது. பதினான்காவது மாதம் கடைசி 12,000 ஐக் கொண்டு வந்து தந்தாள். அவளுடைய கையைப் பார்த்தேன். விற்ற காப்பு இன்னும் திரும்பவில்லை. ஆனால் கொப்பியில் அப்போது 140 பெயர் சேர்ந்திருந்தது.

என்னிடம் கேட்ட அந்தச் சகோதரருக்கு இப்போது பதில் சொல்கிறேன். அறைக்கு முற்பணம் கட்டும் முன் மகளை ஒரு கொப்பியும் பேனையும் எடுக்கச் சொல்லுங்கள். முதல் மாதம் யார் யார் வருவார்கள் என்று முப்பது பெயரை அவள் எழுதட்டும். எழுத முடிந்தால், நோன்புக்கு ஒரு மாதம் முன்னதாகக் கடையைத் திறந்து கொடுங்கள். எழுத முடியாவிட்டால், வீட்டிலேயே தெரிந்த பெண்களுக்குச் செய்து அந்த முப்பது பெயரைச் சேர்க்கட்டும். கடை பிறகு வரலாம்.